கணினி மின்வழங்கியும் அதன் பழுதுகளும்

வீட்டு இணைப்பில் வரும் மாறுதிசை மின்சாரத்தை, கணினியின் உறுப்புகளுக்கு ஏற்ற குறைந்த அழுத்த நேர்திசை மின்சாரமாக மாற்றித் தரும் கருவி கணினி மின்வழங்கி. பழுதுபார்க்கும் கடைகளில் இதை எஸ்எம்பிஎஸ் என்பார்கள். மேசைக்கணினியில் இது பெட்டியின் பின்பக்கம் விசிறியுடன் கூடிய ஓர் உலோகக் கூடு. மடிக்கணினியில் இதே வேலையைச் சார்ஜர், பேட்டரி, மதர்போர்டிலுள்ள மின்சுற்று ஆகிய மூன்றும் பகிர்ந்துகொள்கின்றன. மற்ற உறுப்புகள் எல்லாம் இதை நம்பியே இயங்குவதால், இதன் கோளாறு பல நேரம் மதர்போர்டு அல்லது ரேமின் கோளாறுபோலத் தோற்றம் தரும். எனவே கணினி இயங்காதபோதும் தானாக அணையும்போதும் முதலில் சோதிக்க வேண்டியது இதையே.

வரலாறு

தொடக்ககாலக் கணினிகள் பலவற்றில் கனத்த மின்மாற்றி கொண்ட, வெப்பம் மிகுந்த மின்வழங்கிகளே இருந்தன. 1977இல் வெளிவந்த ஆப்பிள் 2 கணினிக்கு ராட் ஹோல்ட் எடை குறைந்த, அதிவேகமாக இணைத்துத் துண்டிக்கும் வகை மின்வழங்கியை வடிவமைத்தார். 1981இல் வந்த ஐபிஎம் பிசியின் மின்வழங்கி 63.5 வாட் மட்டுமே தந்தது. இன்று விளையாட்டுக்கான கிராபிக்ஸ் கார்டு ஒன்றே 300 வாட்டுக்கு மேல் கேட்பதுண்டு.

பழைய ஏடி வகையில் மதர்போர்டுக்கு இரண்டு கனெக்டர்கள் சென்றன. இரண்டின் கறுப்பு ஒயர்களும் நடுவில் அருகருகே வர வேண்டும். இடம் மாற்றிச் செருகினால் மதர்போர்டு எரிந்துபோகக்கூடும். 1995இல் இன்டெல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் முறை, தலைகீழாகச் செருக முடியாத ஒரே கனெக்டரை அமைத்து இந்த ஆபத்தை நீக்கியது. முதலில் 20 முனைகளுடன் இருந்த அந்தக் கனெக்டருக்குப் பின்னர் 24 முனைகள் வந்தன.

செயல்படும் விதம்

உள்ளே வரும் 230 வோல்ட் மாறுதிசை மின்சாரம் முதலில் சுமார் 325 வோல்ட் நேர்திசை மின்சாரமாகிறது. அதை நொடிக்குப் பல்லாயிரம் முறை இணைத்துத் துண்டித்து, சிறிய மின்மாற்றி வழியே அனுப்பி, அழுத்தத்தைக் குறைக்கிறார்கள். ஏடிஎக்ஸ் ஒயர்களின் வழக்கமான நிறங்கள் இவை: மஞ்சள் 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட், ஆரஞ்சு 3.3 வோல்ட், கறுப்பு தரை.

கணினி அணைந்திருக்கும்போதும் ஊதா ஒயரில் 5 வோல்ட் இருந்துகொண்டே இருக்கும். முன்பக்கப் பொத்தானை அழுத்தியதும் மதர்போர்டு பச்சை ஒயரைத் தரையோடு இணைக்கிறது, மின்வழங்கி விழித்துக்கொள்கிறது. மின்னழுத்தங்கள் நிலைபெற்றபின், பொதுவாக 100 முதல் 500 மில்லிநொடிக்குள், சாம்பல் ஒயரில் ‘எல்லாம் சரி’ என்னும் குறி வரும். அது வந்த பிறகே பிராசசர் வேலையைத் தொடங்கும். இயங்கும்போது அந்தக் குறி அறுந்தால் கணினி ரீஸ்டார்ட் ஆகும். காரணம் புரியாமல் மீண்டும் மீண்டும் ரீஸ்டார்ட் ஆகும் கணினிகளில் இதையும் பார்க்க வேண்டும்.

அறிகுறிகள்

பொத்தானை அழுத்தியும் விளக்கோ விசிறியோ அசையாவிட்டால் பிளக் பாயிண்ட், பவர் கார்டு, யுபிஎஸ், கூட்டின் பின்புற ஸ்விட்ச் என்ற வரிசையில் பார்க்க வேண்டும். விசிறி ஒரு கணம் சுழன்று நின்றால் எங்கோ ஷார்ட் இருக்கலாம். மின்வழங்கி தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடுகிறது. மதர்போர்டுக்கு அடியில் விழுந்த திருகாணி ஒன்றே இதற்குப் போதும். விசிறி ஓடியும் திரை இருண்டிருந்தால் ரேமைக் கழற்றிச் செருகுவதோடு, பிராசசருக்கான தனி 12 வோல்ட் கனெக்டர் செருகப்பட்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கனமான வேலையின்போது மட்டும் அணைந்தால் வெப்பமோ, போதாத வாட்டோ காரணமாகலாம். அணைக்கும்போதெல்லாம் தேதியும் நேரமும் மாறிப்போனால் குறை எஸ்எம்பிஎஸ்ஸில் இல்லை. மதர்போர்டிலுள்ள 3 வோல்ட் சிஆர்2032 பட்டன் பேட்டரியை மாற்ற வேண்டும்.

சோதிக்கும் முறை

மதர்போர்டு, பிராசசர், ஒரு ரேம் தவிர மற்றவற்றைக் கழற்றிவிட்டு இயக்கிப் பார்ப்பது முதல் படி. ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்க்கும்போது பழுதான உறுப்பு தெரிந்துவிடும். அடுத்தது மல்டிமீட்டர். கணினி ஓடும்போது 24 முனைக் கனெக்டரின் பின்புறத் துளையில் கறுப்பு முனையைக் கறுப்பு ஒயரிலும், சிவப்பு முனையை அளக்க வேண்டிய ஒயரிலும் வைக்க வேண்டும். 12 வோல்ட்டில் 11.4 முதல் 12.6 வரையும், 5 வோல்ட்டில் 4.75 முதல் 5.25 வரையும், 3.3 வோல்ட்டில் 3.14 முதல் 3.47 வரையும் ஏற்கத்தக்கவை. பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் கம்பியால் இணைத்து விசிறி சுற்றுவதைப் பார்க்கும் கடை வழக்கம், மின்வழங்கி விழிக்கிறது என்பதை மட்டுமே காட்டும். சுமையைத் தாங்குமா என்பதைக் காட்டாது. நல்ல நிலையிலுள்ள வேறொன்றை மாற்றிப் பார்ப்பதே உறுதியான சோதனை.

சில பழைய மின்வழங்கிகளின் பின்புறம் 115, 230 என்று குறித்த சிறிய சிவப்பு ஸ்விட்ச் இருக்கும். அது 115இல் இருக்கும்போது 230 வோல்ட் இணைப்பில் செருகினால் மின்வழங்கி எரிந்துவிடும்.

உப்பிய மின்தேக்கிகள்

மதர்போர்டில் நிற்கும் உருளை வடிவ மின்தேக்கியின் தலை தட்டையாக இருக்க வேண்டும். மேடுதட்டியிருந்தாலோ பழுப்பு நிறக் கசிவு தெரிந்தாலோ அது பழுது. 2000களின் தொடக்கத்தில் தரமற்ற மின்பகுபொருள் கொண்ட மின்தேக்கிகளால் உலகெங்கும் ஏராளமான கணினிகள் பழுதாயின. இதற்கான செலவுக்கு டெல் நிறுவனம் 2005இல் 30 கோடி டாலர் ஒதுக்கியது. வெப்பம் 10 பாகை செல்சியஸ் கூடினால் இவ்வகை மின்தேக்கியின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொது விதி. தூசியடைந்த விசிறியைச் சுத்தம் செய்வதன் பயன் இதிலிருந்து விளங்கும்.

மடிக்கணினி

பெரும்பாலான பழைய சார்ஜர்கள் 19 முதல் 20 வோல்ட் தருபவை. மாற்றுச் சார்ஜர் வாங்கும்போது வோல்ட் ஒத்திருக்க வேண்டும். வாட் சமமாகவோ கூடுதலாகவோ இருக்க வேண்டும். வயரை அசைத்தால் மட்டும் சார்ஜ் ஏறினால் பிளக்கோ ஜாக்கோ தளர்ந்திருக்கிறது. கழற்றக்கூடிய பேட்டரி என்றால் அதையும் சார்ஜரையும் எடுத்துவிட்டு, பவர் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, பிறகு சார்ஜரை மட்டும் செருகிப் பார்க்கலாம். டச்பேட் மேலெழும்பினால் அடியிலுள்ள லித்தியம் பேட்டரி உப்பியிருக்கலாம். அதற்கு மேல் சார்ஜ் போடக்கூடாது. குத்தவோ அழுத்தவோ கூடாது. தீப்பற்றும் ஆபத்தால் 2006இல் டெல் 41 லட்சம் மடிக்கணினிப் பேட்டரிகளைத் திரும்பப் பெற்றது.

பாதுகாப்பு

பிளக்கைப் பிடுங்கிய பிறகும் எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே உள்ள பெரிய மின்தேக்கியில் உயிருக்கு ஆபத்தான 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும். பயிற்சி இல்லாதவர் அந்தக் கூட்டைத் திறக்கவே கூடாது. எர்த் இல்லாத பிளக் பாயிண்டில் கணினியை இணைக்கக் கூடாது. பழுது உறுதியானால் முழு மின்வழங்கியையும் மாற்றிவிடுவதே பாதுகாப்பு.