கோச்சை மாற்றினால் டீம் திருந்துமா? நெப்ராஸ்காவின் அறுபது வருடக் கதை

ஒரு டீம் இரண்டு மட்ச் தொடர்ந்து தோற்றால் முதலில் வரும் பேச்சு "கோச்சை மாத்துங்க" என்பதுதான். எங்கள் ஊரிலும் அப்படித்தான், உலகத்தின் மறுபக்கத்திலும் அப்படித்தான். இந்தப் பேச்சினால் உயர்ந்ததையும் விழுந்ததையும் இரண்டையும் பார்த்த ஓர் இடத்தின் வரலாற்றை இன்று எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். நேரம் எடுத்து வாசியுங்கள்.

இடம், ஐக்கிய அமெரிக்காவின் நடுவிலுள்ள நெப்ராஸ்கா மாநிலம். சோளச் செய்கைக்கும் மாட்டுப் பண்ணைகளுக்கும் பெயர்போன பூமி. விளையாட்டு, அமெரிக்கன் ஃபுட்போல். எங்களுக்குத் தெரிந்த உதைபந்தாட்டம் இல்லை, றக்பிக்குச் சொந்தக்காரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாட்டில் பல்கலைக்கழக மாணவர்கள் ஆடும் மட்சுக்கே பெருங்கூட்டம் சேரும். நெப்ராஸ்காவின் சனத்தொகை சுமார் 20 இலட்சம். தேசிய லீக்கில் ஆடும் தொழில்முறை அணி அங்கே கிடையாது. ஆகவே லிங்கன் நகரப் பல்கலைக்கழகத்தின் அணிதான் முழு மாநிலத்துக்கும் சொந்த அணி. விவசாயி முதல் ஆளுநர் வரை எல்லோருக்கும் சனிக்கிழமை என்றால் அதுதான். 1962 நவம்பரில் தொடங்கி, சொந்த மைதானத்து மட்சுகளுக்கு நுழைவுச்சீட்டு முழுவதும் விற்றுத் தீர்வது அங்கே வழக்கமாகிவிட்டது. இடையில் ஆசனங்கள் மிஞ்சப் பார்த்தபோது ஆதரவாளர்கள் காசு போட்டு அவற்றை வாங்கி, வசதி குறைந்த பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

ஒரு பருவத்துக்குப் பன்னிரண்டு மட்ச் அளவில்தான். அதனால் ஒரு தோல்வியின் கனம் அதிகம். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே வாசியுங்கள்.

1962 இல் பொப் டெவானி என்ற பயிற்றுவிப்பாளர் வந்தார். அதற்கு முந்திய வருடங்கள் தோல்வி மேல் தோல்வி. டெவானி வந்த முதல் ஐந்து பருவத்திலும் ஒன்பது வெற்றிக்குக் குறையவில்லை. மக்கள் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். பிறகு 1967 இல் ஆறு வெற்றி, நான்கு தோல்வி. 1968 இலும் அதே கணக்கு. அந்தப் பருவத்தின் கடைசி மட்சில் பரம எதிரியான ஒக்லஹோமாவிடம் 47-0. கொண்டாடிய அதே மக்களில் ஒரு பகுதியினர், ஒமாஹா நகரில் டெவானியை நீக்கச் சொல்லிக் கையெழுத்துத் திரட்டினார்கள். உதவிப் பயிற்றுவிப்பாளர்களையாவது அனுப்புங்கள் என்றும் நெருக்கினார்கள்.

டெவானி தன் உதவியாளர்களைப் பலி கொடுக்கவில்லை. ஆனால் பழைய முறையைக் கட்டிப்பிடித்துக்கொண்டும் இருக்கவில்லை. முப்பது வயதைத் தாண்டியிருந்த ஓர் உதவியாளரிடம் தாக்குதல் ஆட்டத்தை முழுவதும் புதிதாக அமைக்கும் பொறுப்பைக் கொடுத்தார். கல்வி உளவியலில் கலாநிதிப் பட்டம் பெற்ற அந்த இளைஞரின் பெயர் டொம் ஒஸ்போர்ன். 1969 இல் ஒன்பது வெற்றி. 1970 இலும் 1971 இலும் ஒரு தோல்வி கூட இல்லாமல் தேசிய சாம்பியன். கையெழுத்துப் போட்டவர்களும் அந்தக் கூட்டத்தில் நின்று கைதட்டியிருப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஒரு விடயத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அப்போது பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத்துறைப் பணிப்பாளரும் டெவானியேதான். அதனால் அவரை அசைப்பது இலகுவாக இருக்கவில்லை. மற்ற எல்லோருக்கும் அந்தப் பாதுகாப்புக் கிடைப்பதில்லை.

1973 இல் ஒஸ்போர்ன் தலைமைப் பயிற்றுவிப்பாளரானார். ஒக்லஹோமாவிடம் முதல் ஐந்து வருடமும் தோல்வி. "நல்ல மனிசன், ஆனால் பெரிய மட்ச் வெல்லத் தெரியாது" என்ற முத்திரை விழுந்தது. 1978 இல் முதல் தடவை ஒக்லஹோமாவை வென்ற அதே வருடம், வெறுத்துப்போய் கொலராடோ பல்கலைக்கழகத்துக்குப் போகும் விளிம்பு வரை சென்று திரும்பினார். முதலாவது தேசியப் பட்டத்தை அவர் வென்றது 1994 இல், அதாவது தன் இருபத்திரண்டாவது பருவத்தில். 1995 இலும் 1997 இலும் மீண்டும் வென்றார். இருபத்தைந்து பருவத்திலும் ஒன்பது வெற்றிக்குக் கீழே ஒரு தடவையும் போகவில்லை. இன்றைய காலமாக இருந்தால் பத்தாவது வருடத்திலேயே ஆளை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

அடுத்து வந்தவர் பிராங்க் சோலிச். டெவானியின் கீழ் ஆடியவர், ஒஸ்போர்னின் கீழ் நீண்டகாலம் உதவியாளராக இருந்தவர். சொந்த வீட்டுப் பிள்ளை. 1999 இல் தங்கள் லீக்கின் சாம்பியன், 2001 பருவத்தில் தேசிய இறுதிப் போட்டி வரை. 2002 இல் ஏழு வெற்றி, ஏழு தோல்வி என்று சறுக்கியது. கோபம் கிளம்பியது. சோலிச் தன் உதவியாளர்கள் சிலரை மாற்றினார். 2003 இல் ஒன்பது வெற்றி, மூன்று தோல்வி என்று எழும்பியது. கடைசி மட்சில் கொலராடோவை வென்ற மறுநாளே அவரை நிப்பாட்டினார்கள். மொத்தக் கணக்கு 58 வெற்றி, 19 தோல்வி.

ஏன்? மற்ற அணிகளோடு ஒப்பிட்டால் அவர் தோற்கவில்லை. ஒஸ்போர்னின் நினைவோடு ஒப்பிட்டதால் தோற்றார். நிர்வாகம் நடுத்தரத்துக்கு இறங்க மாட்டோம் என்றது. புது ஆளைத் தேடிப் பிடிக்கவே நாற்பது நாட்களுக்கு மேல் எடுத்தது. வந்தவர் பில் கலகன். 2004 இல் ஐந்து வெற்றி, ஆறு தோல்வி. 1961 க்குப் பிறகு தோல்விகள் வெற்றிகளை மிஞ்சிய முதல் பருவம் அது. 2007 இல் கன்சாஸ் அணியிடம் 76 புள்ளிகள் வாங்கினார்கள். சோலிச்சை நீக்கிய பணிப்பாளரும் அதே வருடம் நீக்கப்பட்டார், பருவம் முடிந்ததும் கலகனும் போனார்.

பிறகு போ பெலினி. ஏழு வருடமும் குறைந்தது ஒன்பது வெற்றி. ஆனால் வாய் கெட்டவர், ரசிகர்களையே திட்டிய ஒலிப்பதிவு வெளியே வந்தது. 2014 இல் அவரையும் அனுப்பினார்கள். அடுத்த மைக் றைலியின் மூன்று வருடக் கணக்கு 19 வெற்றி, 19 தோல்வி.

2018 இல் ஸ்கொட் ஃப்ரொஸ்ட் வந்தபோது மாநிலமே கண்ணீர் விட்டு வரவேற்றது. 1997 பட்டம் வென்ற அணியின் முன்னணி வீரர், அந்த மண்ணின் மைந்தன். ஆனால் 2021 இல் மூன்று வெற்றி, ஒன்பது தோல்வி. அந்த ஒன்பதும் பத்துப் புள்ளிக்குள் கைநழுவியவை. ரசிகர்களின் கோபம் தாங்காமல், பருவம் முடிய இரண்டு மட்ச் இருக்கும்போதே உதவிப் பயிற்றுவிப்பாளர்கள் நான்கு பேரை ஒரே நாளில் நிப்பாட்டினார்கள். அடுத்த வருடம் செப்டெம்பரில், சிறிய அணியான ஜோர்ஜியா சதர்னிடம் சொந்த மைதானத்தில் 45-42 என்று தோற்ற மறுநாள் ஃப்ரொஸ்டும் போனார். ஒக்டோபர் முதலாம் திகதி வரை பொறுத்திருந்தால் நட்டஈடு பாதியாகக் குறைந்திருக்கும். மூன்று வாரம் பொறுக்க முடியாமல் சுமார் 15 மில்லியன் டொலர் கொடுத்து அனுப்பினார்கள். அவருடைய கணக்கு 16 வெற்றி, 31 தோல்வி. இங்கே ரசிகர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஐந்தாவது பருவம் வரை பொறுத்தார்கள், முன்னேற்றம் வரவில்லை.

இப்போது கணக்கைப் பாருங்கள். 1962 முதல் 2003 வரை 42 வருடத்தில் தலைமைப் பயிற்றுவிப்பாளர்கள் மூன்று பேர். அடுத்த இருபது வருடத்தில் ஐந்து பேர். நெப்ராஸ்கா கடைசியாக லீக் பட்டம் வென்றது 1999 இல். அதை வென்று கொடுத்தவர், போதாது என்று அனுப்பப்பட்ட அதே சோலிச்.

பொறுமையாக இருங்கள் என்று மட்டும் இந்த வரலாறு சொல்லவில்லை. ஃப்ரொஸ்டின் காலத்தில் பொறுமை பலன் தரவில்லை. 1968 இல் கோபம் இருந்தது, ஆனால் பொறுப்பில் இருந்தவர் "எந்த இடத்தில் பிழை?" என்று கேட்டார். 2003 இல் "யாரை அனுப்பலாம்?" என்று கேட்டார்கள். முதல் கேள்விக்குப் பதில் தேட உழைப்பு வேண்டும். இரண்டாவது கேள்விக்கு ஒரு கடிதம் போதும். ஆள் மாறிய பின்னும் பிழை அதே இடத்தில் இருந்தால் அடுத்தவரும் அதே குழியில்தான் விழுவார்.

இன்னொன்று. ஆடுபவர்கள் பதினெட்டு முதல் இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள். தங்களை வீடு தேடி வந்து அழைத்த பயிற்றுவிப்பாளரை நம்பி ஊரை விட்டு வந்தவர்கள். அவர் போனால் புது முறை, புதுக் குரல், மீண்டும் முதலாம் வகுப்பு. பாடசாலையில் வருடத்தின் நடுவில் ஆசிரியர் மாறினால் பிள்ளைகள் எப்படித் தடுமாறுவார்கள் என்பது பெற்றோருக்கும் தெரியும், எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்கும் தெரியும்.

2023 ஏப்ரலில், புதிய பயிற்றுவிப்பாளர் மட் றூல் பருவத்துக்கு முந்திய காட்சிப் போட்டிக்கு ஒரு விருந்தாளியை அழைத்துக் கௌரவித்தார். ஏறத்தாழ இருபது வருடங்களுக்குப் பிறகு அந்த மைதானத்துக்குத் திரும்பிய பிராங்க் சோலிச். அவருக்கு அப்போது எழுபத்தெட்டு வயது. இடைப்பட்ட காலத்தில் ஒஹாயோ பல்கலைக்கழகத்தில் பதினாறு பருவம் பயிற்றுவித்து, அங்கே மரியாதையோடு ஓய்வு பெற்றிருந்தார்.

அடுத்த முறை எங்கள் பிள்ளைகளின் டீம் தோற்று, "கோச்சை மாத்துங்க" என்று எழுதக் கை போகும்போது, அதற்கு முன் ஒரு கேள்வியை எழுதிப் பாருங்கள்: எந்த இடத்தில் பிழை? பதில் தெரிந்தால் கீழே சொல்லுங்கள், பேசுவோம்.