விரியும் அண்டமும் உழைத்த கரங்களும்

அண்டம் விரிகின்றது என்பதை எட்வின் ஹபிள் 1929ஆம் ஆண்டில் நிறுவினார் என்றே நாம் படித்து வந்துள்ளோம். விஞ்ஞானத்தின் வரலாறு பெரும்பாலும் தனிமனிதரின் வரலாறாகவே நமக்குச் சொல்லப்படுகின்றது. இவ்வுண்மை அறியப்பட்ட வழியைச் சற்று ஊன்றி நோக்குவோமாயின், அதன் அடியிலே பலருடைய உழைப்புப் புதைந்து கிடப்பதைக் காண்போம்.

ஒரு பொருள் நம்மை விட்டு விலகிச் செல்லுமாயின் அதன் ஒளி நிறமாலையின் சிவப்புப் பக்கம் சாயும். நெருங்கி வருமாயின் நீலப் பக்கம் சாயும். அச்சாய்வின் அளவே நமக்கும் அதற்கும் இடையிலான சார்பு வேகத்தைக் காட்டும். அமெரிக்காவின் அரிசோனாவில் வெஸ்ரோ ஸ்லைபர் 1912 முதல் இவ்வாறு அளந்த சுருள் நெபுலாக்களிற் பெரும்பாலானவை விலகியே சென்றன. ஆயினும் அவை எவ்வளவு தூரத்தில் உள்ளன என்பது தெரியவில்லை.

தூரத்தை அளக்கும் கோலைத் தந்தவர் ஹென்றியற்றா லெவிற் என்ற பெண்மணி. ஹார்வாட் வானாய்வு நிலையத்திலே மணிக்கு 30 சதக் கூலிக்கு, ஒளிப்படத் தகடுகளிற் பதிந்த விண்மீன்களை அளந்து கணக்கிட்டவர். தொலைகாட்டியை இயக்கும் உரிமை அங்கு பெண்களுக்கு இருக்கவில்லை. ஒளி கூடிக் குறையும் செபீட் விண்மீன்களில், துடிப்புக் காலம் நீளநீள உண்மைப் பிரகாசமும் மிகும் என அவர் கண்டார். உண்மைப் பிரகாசத்தைத் தோற்றப் பிரகாசத்தோடு ஒப்பிட்டால் தூரம் புலப்படும். அதனைக் கூறும் 1912ஆம் ஆண்டு அறிக்கையில் ஒப்பமிட்டவரோ நிலையத்தின் பணிப்பாளர். லெவிற் 1921இல் காலமானார். ஈராண்டின் பின் அதே கோலைக் கொண்டுதான், அன்றொமீடா நமது பால்வீதிக்கு அப்பாலுள்ள தனி விண்மீன் திரள் என்று ஹபிள் கண்டார். அவருடைய 1929ஆம் ஆண்டுக் கட்டுரையின் வேகங்களிற் பெரும்பாலானவையும் ஸ்லைபர் அளந்தவையே.

ஹபிளின் துணைவர் மில்ரன் ஹியூமசன் 14 வயதிலே பள்ளியை விட்டவர். வில்சன் மலையில் வானாய்வு நிலையம் எழுந்தபோது கோவேறு கழுதைகளிற் பொருளேற்றிச் சென்றவர். 1917இல் அங்கேயே துப்புரவுப் பணியாளரானார். தொலைகாட்டியைக் கையாளக் கற்றுக்கொண்ட அவர், மங்கிய திரள்களின் ஒளியைப் பல இரவுகள் ஒரே தகட்டிற் சேர்த்தார். 1931இல் ஹபிளுடன் இணைந்து வெளியிட்ட கட்டுரையில், செக்கனுக்கு ஏறத்தாழ 20,000 கிலோமீற்றர் வரையான வேகங்கள் இடம்பெற்றன.

திரள்களிற் பெரும்பாலானவை நம்மை விட்டு ஓடுவதால் நாமே நடுவில் உள்ளோமா? ஒரு றப்பர் நாடாவில் ஓரங்குல இடைவெளியிற் புள்ளிகளிட்டு, அதனை இருமடங்கு நீளமாக இழுப்போம். எப்புள்ளியிலிருந்து நோக்கினும் அடுத்த புள்ளி ஓரங்குலம் விலகும். ஐந்தாம் புள்ளி ஐந்தங்குலம் விலகும். தூரம் மிக வேகமும் மிகும். நடுப்புள்ளி என்று எதுவும் இல்லை. திரள்கள் வெளியினூடே ஓடவில்லை, வெளியே விரிகின்றது. இதனை 1922இல் பிரீட்மனும் 1927இல் லெமேற்றரும் கணிதத்தின் வழி கூறியிருந்தனர்.

2018இல் சர்வதேச வானியல் ஒன்றியம் இவ்விதியை ஹபிள்–லெமேற்றர் விதி என அழைக்கப் பரிந்துரைத்தது. தாமதமாயினும் நல்ல செயலே. ஹபிளின் பெருமையைக் குறைப்பது நமது நோக்கமன்று. ஆயின் நடுவே இல்லாத அண்டத்தைப் பற்றி நம் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, கூலிக்குக் கணக்கிட்ட பெண்ணையும் கழுதை ஓட்டிய தொழிலாளியையும் சேர்த்தே சொல்வோம்.