சண்டியும் மலையும் கள்ளுக்கடையும்: கடாரத்தில் ஒரு நாள்



இத்தாலி தேசத்தில் நேப்பிள்ஸ் என்று ஒரு துறைமுகப் பட்டணம் இருக்கிறது. அங்கே போகும் உல்லாசப் பிரயாணிகளுக்கு ஒரே நாளில் மூன்று காட்சிகளைக் காட்டி அனுப்புகிறார்கள். காலையில் பொம்பெயி நகரத்தின் இடிபாடுகள். நண்பகலில் வெசூவியஸ் எரிமலை ஏற்றம். சாயங்காலம் அதே மலைச்சரிவுத் தோட்டத்தில் திராட்சை மது. கி.பி. 79-ஆம் ஆண்டில் அந்த மலை கக்கிய சாம்பலில் பொம்பெயி புதைந்து போனது. 1748-இல்தான் தோண்ட ஆரம்பித்தார்கள். ஊரை மூடிய சாம்பல் மண்ணில்தான் இன்றைக்குக் கொடி படர்ந்து பழம் காய்க்கிறது.

"அதெல்லாம் ஐரோப்பாக்காரனுக்கு, நமக்கு ஏது?" என்று கேட்டுவிடாதீர்கள். பழைய இடிபாடு, மலை, மது ஆகிய மூன்றும் ஒரே நாளில் கிடைக்கிற இடம் நம் நாட்டிலேயே உண்டு. கெடா மாநிலத்தின் பூஜாங் பள்ளத்தாக்குதான் அது. நம் முன்னோர் கடாரம் என்று சொன்ன பூமி. நம் பிள்ளைகளின் பள்ளிச் சுற்றுலா என்றால் மிருகக்காட்சிசாலை, மிஞ்சிப் போனால் கேமரன் மலை. இந்தப் பக்கம் வண்டி திரும்புவது அபூர்வம். பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் சென்ட்ரல் நிலையத்தில் விடியற்காலை ரயில் ஏறினால், வெயில் ஏறுவதற்குள் சுங்கை பட்டாணியில் இறங்கிவிடலாம். அங்கிருந்து ஒரு பஸ் பேசிக்கொண்டு வடக்கே பீடோங், அப்புறம் மேற்கே திரும்பி சுங்கை பத்து, செமிலிங், மெர்போக். வழி இவ்வளவுதான்.

மெர்போக்கில் தொல்பொருள் அருங்காட்சியகம் இருக்கிறது. அதன் வளாகத்தில், ஓடைக்கரையில், கருங்கல்லால் ஆன ஓர் அடித்தளம் நிற்கும். அதுதான் சண்டி புக்கிட் பத்து பஹாட். மலாய் மொழியில் 'செதுக்கிய கல் குன்று' என்று பொருள். ஒரு முனையில் கருவறை மேடை, அதற்கு முன்னால் மண்டபம். நம் ஊர்க் கோயிலுக்குப் போய்ப் பழகிய பிள்ளைக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. "மேலே கூரை எங்கே சார்?" என்று கேட்பார்கள். நல்ல கேள்விதான். மண்டபத்தில் வரிசையாக இருக்கும் கல் பீடங்களைப் பாருங்கள். அவற்றின்மேல் நின்றவை மரத்தூண்கள். மரமும் கூரையும் மக்கிப் போயின, கல் மட்டும் மிஞ்சியது. 1936-37-இல் குவாரிச் வேல்ஸ் என்ற ஆங்கிலேயரும் அவருடைய மனைவி டோரதியும் இந்தப் பள்ளத்தாக்கில் முப்பது இடங்கள் வரை ஆராய்ந்தார்கள். 1959-60-இல் அலஸ்டேர் லாம்ப் என்பவர் இந்தச் சண்டியின் கற்களை மறுபடி அடுக்கி நிறுத்தினார். அப்போது அடித்தளத்துக்குள்ளிருந்து குழிகள் கொண்ட சிறு கல் பேழைகள் கிடைத்தன. கோயில் கட்டும்போது கருப்பொருள் வைத்துப் புதைக்கும் வழக்கத்தின் அடையாளம் அது.

இங்கே ஒரு சங்கதியைச் சொல்லியாக வேண்டும். நம்மவர்கள் இந்தக் கல்லைப் பார்த்த மாத்திரத்தில் "இராஜேந்திர சோழன் கட்டிய கோயில்!" என்று மார் தட்டுகிறார்கள். மேடைகளில் இதைப் பலமுறை கேட்டாயிற்று. இராஜேந்திரன் 1025 வாக்கில் கப்பற்படை அனுப்பிக் கடாரத்தை வென்றது மெய்தான். தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் அவனுடைய தமிழ் மெய்க்கீர்த்தி அதைச் சொல்கிறது. ஆனால் வென்றதாகத்தான் சொல்கிறதே ஒழிய, கோயில் கட்டியதாக ஒரு வார்த்தை கிடையாது. அந்தப் படையெடுப்புக்குச் சில ஆண்டுகள் முன்புவரை இரண்டு பக்கமும் நல்ல உறவு இருந்தது என்பதையும் மறந்துவிடுகிறோம். ஸ்ரீவிஜய அரசர்கள் நாகப்பட்டினத்தில் ஒரு புத்த விகாரம் கட்டினார்கள். அதற்கு ஆனைமங்கலம் என்ற கிராமத்தின் வருமானத்தை மானியமாகக் கொடுத்தவன் இராஜேந்திரனின் தகப்பன் இராஜராஜன்.

அதற்கும் முன்னால் போங்கள். பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துக்கு வந்து இறங்கிய சரக்குகளில் காழகத்துப் பொருளும் ஒன்று. காழகம் என்பது கடாரம் என்று உரை எழுதினார் நச்சினார்க்கினியர். 1834-இல் ஜேம்ஸ் லோ என்ற ஆங்கிலேய அதிகாரி செபராங் பிறை பகுதியில் ஒரு கல்வெட்டைக் கண்டெடுத்தார். புத்தகுப்தன் என்ற வங்காளத்து மாலுமி, பயணம் நல்லபடியாக முடிய வேண்டி ஐந்தாம் நூற்றாண்டில் பொறித்து வைத்தது அது. ஏழாம் நூற்றாண்டில் சீனத் துறவி இ-சிங் நாளந்தா போகும் வழியில் கெடாவில் இறங்கினார். ஆக, இது ஒரு ராஜா வந்து வென்ற இடம் மட்டும் அல்ல. காற்று மாறும்வரை காத்துக் கிடந்த வியாபாரிகள், மாலுமிகள், துறவிகள், இந்த மண்ணின் மக்கள் எல்லோரும் சேர்ந்து உண்டாக்கிய ஊர். பெங்காலான் பூஜாங்கில் கிடைத்த சீனப் பீங்கான் ஓடுகளும் மணிகளும் அதற்குச் சாட்சி. என்னைக் கேட்டால், படையெடுப்பைவிட இதுதான் பெருமைக்குரிய கதை.

வருகிற வழியில் சுங்கை பத்துவில் இறங்க மறக்காதீர்கள். செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே, 2009-லிருந்து மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் தோண்டிக்கொண்டு வந்த இடம் இது. இரும்பு உருக்கிய உலைகள், துருத்தியிலிருந்து காற்று போன களிமண் குழாய்கள், செங்கல் படகுத்துறை எல்லாம் வெளிப்பட்டன. இன்று வயலும் தோட்டமுமாகத் தெரிகிற இடத்துக்கு அப்போது கப்பல் வந்தது. ஏனென்றால் அந்தக் காலத்தில் கடல் உள்ளே வந்திருந்தது. கிறிஸ்துவுக்குப் பல நூற்றாண்டு முன்பே இங்கே தொழில் நடந்தது என்று தோண்டியவர்கள் சொல்கிறார்கள். அவ்வளவு பழைய கணக்கை எல்லா அறிஞர்களும் ஒப்புக்கொள்ளவில்லை. இரும்பு உருக்கினார்கள் என்பதில் சந்தேகமே இல்லை.

இதே சுங்கை பத்து வட்டாரத்தில் 11 என்று எண் போட்ட சண்டி ஒன்று இருந்தது. 'இருந்தது' என்றுதான் எழுத முடிகிறது. வீட்டுமனைக்காக நிலத்தைச் சமப்படுத்தியபோது இயந்திரம் அதைத் தள்ளிவிட்டது. 2013-ஆம் ஆண்டு கடைசியில்தான் வெளியுலகத்துக்குத் தெரிந்தது. அந்த நிலம் சரித்திர இடமாக அரசிதழில் பதியப்படவில்லை என்றார்கள். பொம்பெயியை எரிமலைச் சாம்பல் மூடியது, அதனால் பத்திரமாக இருந்தது. நம் சண்டிகளைக் காடும் பால்மரமும் மூடின. மரத்தை வெட்டினால் மண்வாரி வந்துவிடுகிறது.

சரி, மலைக்கு வருவோம்.

சண்டிக்குப் பின்னால் நிமிர்ந்து நிற்பது ஜெராய் மலை. உயரம் 1,217 மீட்டர். வெசூவியஸ் 1,281 மீட்டர். கிட்டத்தட்ட அண்ணன் தம்பி! கடலோரச் சமவெளியில் தனியாக எழும்பி நிற்பதால் பார்த்தவுடன் "எரிமலைதானே?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். இல்லை. கருங்கல்லும் பழைய மணற்பாறையும் சேர்ந்த மலை. நெருப்பு கக்கியதே கிடையாது. எரிமலைச் சாம்பல் பார்த்தே தீருவேன் என்று அடம் பிடிப்பவர்கள் பேராக்கின் லெங்கோங் பள்ளத்தாக்குக்குப் போகலாம். சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் சுமத்ராவில் தோபா எரிமலை வெடித்தபோது, கடல் தாண்டி வந்து விழுந்த சாம்பல் அங்கே கோத்தா தம்பானில் கிடைத்திருக்கிறது, கல் ஆயுதம் செய்த மனிதர்களின் பட்டறையோடு சேர்த்து.

ஜெராயின் பெருமை வேறு. வங்கக் கடலைத் தாண்டி வந்த மாலுமிக்கு இந்தக் கரையில் முதலில் கண்ணில் பட்டது இந்த மலைதான். அந்த நாளில் கலங்கரை விளக்கம் அதுவே. உச்சிக்குப் பக்கம்வரை தார்ச்சாலை இருக்கிறது. ஆனாலும் பெரிய மாணவர்கள் கொஞ்ச தூரமாவது நடக்கட்டும். ஒரு எச்சரிக்கை: மலையில் மழை இருட்டினால் ஓடைப் பக்கம் யாரையும் விடாதீர்கள். 2021 ஆகஸ்ட் 18-ஆம் தேதி இந்த மலையிலிருந்து திடீர் வெள்ளம் இறங்கி யான், மெர்போக் பகுதிகளைப் புரட்டிப் போட்டது, உயிர்களும் போயின. கீழே வெயில் அடிக்கும்போதே மேலே மழை கொட்டும். ஆசிரியர்கள் இதில் கண்டிப்பாக இருக்க வேண்டும்.

மூன்றாவது சங்கதி மது. பரிசளிப்பு விழா மலரில் மதுவா என்று முகம் சுளிக்க வேண்டாம். குடிப்பதைப் பற்றி அல்ல, குடியை எதிர்த்தவர்களைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

கெடாவின் பழங்கதை நூலான ஹிக்காயத் மெரோங் மகாவங்சாவிலேயே மது வருகிறது. அரசன் காலையில் எழுந்ததும் சாராயம் குடிப்பவன். ஷேக் அப்துல்லா என்ற பெரியவர் வந்து புத்தி சொல்ல, அரசன் இஸ்லாத்தைத் தழுவி, சாடிகளை எல்லாம் தரையில் கவிழ்க்கிறான். இந்த நூலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர், மேலே சொன்ன அதே ஜேம்ஸ் லோ.

அது அரண்மனைச் சாராயம். தோட்டத்துக் கள் வேறு. திராட்சை மது வருஷக்கணக்கில் பீப்பாயில் கிடந்தால்தான் மதிப்பு. தென்னங்கள் அப்படி இல்லை. பாளை சீவி இறக்கிய சில மணி நேரத்தில் புளிக்கும், மறுநாள் வாயில் வைக்க முடியாது. அன்றைக்கே விற்றாக வேண்டும். அதனால் லயத்துக்குப் பக்கத்திலேயே கடை. பால் வெட்டிக் களைத்து வருகிறவன் கையில் காசு, கண் எதிரே கடை. வெள்ளைக்காரன் காலத்தில் அந்தக் கடைக்கு லைசன்ஸ் கொடுத்தது சர்க்கார். கூலியாகப் போன வெள்ளி கள்ளுக் காசாகத் திரும்பி வந்தது. வீட்டில் அடுப்பு எரிந்ததா என்று கேட்க யாரும் இல்லை.

கேட்டவர்கள் உண்டு. அதுவும் முதலில் நம்ம கிள்ளானில். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்தார்கள். முன்னால் நின்றவர் கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதன். அவர்களுடைய கோரிக்கைப் பட்டியலைப் படியுங்கள்: சீனத் தொழிலாளிக்குச் சமமான சம்பளம் வேண்டும். பிள்ளைகளுக்குப் படிப்பு வேண்டும். வைத்திய வசதி வேண்டும். எங்கள் பெண்களிடம் தவறாக நடப்பது நிற்க வேண்டும். துரைக்கும் கிராணிக்கும் முன்னால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம். இவற்றோடு கூடவே இன்னொன்று: கள்ளுக்கடையை மூடு! குடிக்கிறவனே, அவன் குடும்பமே, கடையை மூடு என்று எழுதிக் கொடுத்திருக்கிறது. சம்பள உயர்வுக்குச் சமமாக அதை வைத்திருக்கிறார்கள். மே 6-ஆம் தேதி நாதன் கைது செய்யப்பட்டார், பிறகு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். பட்டாளம் வந்தது, துப்பாக்கி வெடித்தது. ஐந்து பேர் செத்தார்கள்.

பிறகு ஜப்பான்காரன் வந்தான். நேதாஜி வந்தார். இந்திய தேசிய ராணுவத்தில் தோட்டத்துப் பையன்களும் பெண்களும் சேர்ந்து அணிவகுத்தார்கள். சண்டை முடிந்து லயத்துக்குத் திரும்பியவன் பழைய கூலியாகத் திரும்பவில்லை. 1946-47-இல் கெடாவில் தொண்டர் படை என்று ஒன்று எழுந்தது. பீடோங் பக்கத்து ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி என்பவர் தலைமையில் ஆரம்பமாயிற்று. சீருடை, அணிவகுப்பு, கட்டுப்பாடு. தோட்டம் தோட்டமாகப் பரவியது. அவர்களுடைய முதல் எதிரி கள்ளுக்கடை. 1947 பிப்ரவரி கடைசியில் பீடோங்கில் கள்ளுக்கடை மறியல் நடந்தபோது போலீஸ் அடித்துக் கலைத்தது, ஒரு தொழிலாளி உயிரிழந்தார். மார்ச் மாதம் புக்கிட் செம்பிலான் தோட்டத்தில் கூட்டமாகக் கைது செய்தார்கள். படை கலைந்து போனது. கள்ளுக்கடை இருந்தது.

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். பீடோங்கும் சுங்கை பத்துவும் மெர்போக் சண்டியும் ஒரே சாலையில் இருக்கின்றன. ஆயிரம் ஆண்டுக்கு முந்திய செங்கலைப் பார்க்கப் போகிற பஸ், அந்தத் தொழிலாளி விழுந்த ஊரின் கடைத்தெரு வழியாகத்தான் போகிறது. சண்டியைப் பற்றிச் சொல்ல அருங்காட்சியகம் இருக்கிறது, அதில் பலகை எழுதி வைத்திருக்கிறார்கள். இராஜேந்திரனைப் பற்றிச் சொல்ல நம் மேடைகள் இருக்கின்றன. பீடோங்கில் பஸ் நிற்கும்போது எழுந்து பேச வேண்டியவர் கூடப் போகிற ஆசிரியர்தான். ஐந்து நிமிஷம் போதும். கிள்ளான் பிள்ளைகளிடம் 1941 பட்டியலையும் சேர்த்துச் சொல்லுங்கள். சைக்கிள் கதையைக் கேட்டால் அவர்கள் நம்பவே மாட்டார்கள்.

இன்னொரு வேலையும் உண்டு, அதைக் கிளம்புவதற்கு முன்னாலேயே செய்ய வேண்டும். வீட்டில் தாத்தாவோ பாட்டியோ கெடா தோட்டங்களில் பிறந்தவராக இருந்தால் அவரிடம் போய் உட்காருங்கள். எந்தத் தோட்டம், லயம் எந்தப் பக்கம், கள்ளுக்கடை எங்கே இருந்தது, தொண்டர் படை அணிவகுத்ததைப் பார்த்தீங்களா, யார் யார் போனாங்க என்று கேட்டு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளுங்கள். 1947-இல் பத்து வயதுப் பிள்ளையாக வாசலில் நின்று வேடிக்கை பார்த்தவருக்கு இப்போது வயது தொண்ணூறை நெருங்குகிறது.