வெக்கை நோயும் நாடுகளின் உடன்படிக்கையும்

‘மாடு’ என்னும் சொல்லுக்குத் தமிழில் செல்வம் என்னும் பொருளும் உண்டு. அச்செல்வத்தை உலகின் பல பகுதிகளில் பன்னூற்றாண்டுகளாக அழித்து வந்தது வெக்கை நோய். காய்ச்சல், வாய்ப்புண், கழிச்சல் ஆகியவற்றோடு தோன்றும் இந்நோய், முன்னர் அதனை அறியாத மந்தையுட் புகின், பத்தில் எட்டு ஒன்பது மாடுகளைக் கொல்ல வல்லதாயிருந்தது. இதனை நாடுகள் ஒன்றுகூடி வென்ற வரலாற்றைக் கூறுவோர் துறைமுகச் சோதனையையும் தடுப்பு மருந்தையுமே பெரிதும் போற்றுவர். அவ்விரண்டிற்கும் அடிப்படையாய் நின்றது பிறிதொன்று. தன் நாட்டில் நோய் தோன்றியதைப் பிற நாடுகட்கு மறையாது உரைக்கும் கடமையே அது. இதனை நிறுவுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்நோய் இத்தாலியிற் பரவிற்று. அப்போது போப்பாண்டவரின் மருத்துவராயிருந்த இலான்சீசி, நோயுற்ற மாடுகளைக் கொன்று புதைத்தலும் மந்தைகளின் நடமாட்டத்தைத் தடுத்தலுமே வழி என வற்புறுத்தினார். இம்முறை ஓர் அரசின் எல்லைக்குள் பயன் தந்தது. ஆயின் பத்தொன்பதாம் நூற்றாண்டில் புகைவண்டியும் நீராவிக் கப்பலும் வந்தபின் நிலைமை மாறிற்று. நோய்நுண்மம் உடலுட் புகுந்து குறிகள் வெளிப்படச் சில நாட்கள் முதல் இரு வாரங்கள் வரை ஆகும். நெடும்பயணத்தில் வழியிலேயே வெளிப்பட்ட நோய், பயணம் குறுகியதும், நலமுள்ளவைபோலத் தோன்றும் மாடுகளோடு துறைமுகத்தை வந்தடைந்தது. குறிகளைக் காணும் கண், குறி தோன்றா முன்னர் என் செய்யும்? துறைமுகச் சோதனையின் எல்லை இதனால் புலனாகும்.

கி. பி. 1863-இல் எடின்பரோவைச் சேர்ந்த ஜான் காம்ஜி என்பாரின் முயற்சியால் ஆம்பர்க்கு நகரில் பன்னாட்டுக் கால்நடை மருத்துவர் மாநாடு கூடிற்று. இறக்குமதி மாடுகளால் நேரும் தீங்கினை அவர் தம் நாட்டார்க்கு எடுத்துரைத்தார். அவ்வெச்சரிக்கை போதிய அளவில் ஏற்கப்படவில்லை. 1865-இல் இங்கிலாந்தில் வெக்கை நோய் பரவிப் பேரிழப்பை விளைத்தது. பால்டிக் கடற்கரையிலிருந்து அல் துறைமுகத்திற்கு வந்த மாடுகளே அதனைக் கொணர்ந்தன எனக் கருதப்பட்டது. 1872-இல் வியன்னாவில் மற்றொரு மாநாடு கூடி ஒருமித்த விதிகளை ஆராய்ந்தது. எனினும் நாடுகளிடையே செய்திகளைத் திரட்டி வழங்கும் நிலையான அமைப்பு எதுவும் அன்று தோன்றவில்லை.

அதனைத் தோற்றுவித்த நிகழ்ச்சியில் இந்தியாவிற்கும் தொடர்புண்டு. 1920-இல் இந்தியாவிலிருந்து பிரேசிலுக்குக் கொண்டு செல்லப்பட்ட திமில் மாடுகள் இடைவழியில் பெல்சிய நாட்டு ஆண்ட்வெர்ப்புத் துறைமுகத்தை அடைந்தன. அவற்றின் வழியே வெக்கை நோய் அந்நாட்டில் பரவிற்று. மூன்று கண்டங்களை இணைத்த ஒரு வணிகப் பயணத்தின் விளைவை ஒரு நாட்டின் சட்டம் மட்டும் தடுத்தல் இயலாது என்பது தெளிவாயிற்று. 1921-இல் பாரிசில் மாநாடு கூடிற்று. 1924 சனவரி 25-ஆம் நாள் 28 நாடுகள் கையொப்பமிட்டுப் பன்னாட்டுக் கால்நடை நோய் அலுவலகத்தை நிறுவின. நோயற்றிருந்த நாட்டில் வெக்கை நோயோ கோமாரியோ முதன்முதல் தோன்றின், அதனை அவ்வலுவலகத்திற்குத் தந்தி வாயிலாக அறிவித்தல் வேண்டும் என அதன் விதி பணித்தது.

இவ்விதி சிறிதெனத் தோன்றலாம். ஆயின் உண்மை உரைக்கும் நாடே முதலில் இழப்பெய்தும் என்பதை எண்ணுதல் வேண்டும். அறிவித்த அன்றே அதன் மாடுகட்கும் இறைச்சிக்கும் அயல்நாட்டுச் சந்தைகள் அடைபடும். மறைப்பவன் அன்றைய ஊதியத்தைக் காப்பான். அதன் விலையைப் பின்னர் அயலான் கொடுப்பான். இம்முரண்பாட்டைத் தீர்த்தலே உடன்படிக்கையின் அரிய பணியாயிற்று.

ஒன்றுபட்ட முயற்சி இடையில் நெகிழின் என்னாகும் என்பதற்கு ஆப்பிரிக்கா சான்று. அங்கு 1962 முதல் 1976 வரை பல நாடுகள் கூடித் தடுப்பூசி இட்டன. நோய் பெரிதும் ஒடுங்கிற்று. பின்னர்க் கண்காணிப்புத் தளரவே, எஞ்சிய இடங்களிலிருந்து 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மீண்டும் பரவிற்று. இந்தியாவில் 1954-இல் தொடங்கிய ஒழிப்புத் திட்டம் பல பத்தாண்டுகள் நீடித்தது. இறுதியாக நோய் கண்டது 1995-இல், தமிழ்நாட்டில். 2006-இல் இந்தியா நோய்த்தொற்று அற்ற நாடாக ஏற்கப்பட்டது. உலகில் கடைசியாக 2001-இல் கென்யாவில் காணப்பட்ட இந்நோய், 2011-இல் முற்றும் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது.

1995-இல் நடைமுறைக்கு வந்த உலக வணிக அமைப்பின் உடன்படிக்கை, உணவுக் காப்பு, பயிர்நலம், கால்நடை நலம் மூன்றிற்கும் பன்னாட்டு அளவைகளை வணிகத்தோடு இணைத்தது. ஒரு நாட்டின் ஒரு பகுதியில் நோய் தோன்றினும், நோயற்ற பிற பகுதிகளைப் பிரித்தறிந்து ஏற்றல் வேண்டும் என்னும் கோட்பாட்டையும் அது வகுத்தது. உண்மை உரைப்போர் தம் வணிகம் முழுவதையும் இழவாதிருக்க வழி செய்தமையால், 1924-ஆம் ஆண்டு விதியின் குறையை இது ஓரளவு நிறைத்தது எனலாம்.

தடுப்பு மருந்து நோயை வென்றது என்பது மெய்யே. ஆயின் மருந்தை எங்குச் செலுத்துவது என்பதை, நோய் எங்குள்ளது என உரைத்தவர்களே காட்டினர். எல்லை கடந்த ஒத்துழைப்பிற்கு முதல் தேவை, தன் குறையை அயலார்க்குச் சொல்லும் துணிவு. அதனினும் இன்றியமையாதது, அங்ஙனம் சொன்னவரைத் தண்டியாத ஒழுங்கு. இதுவே வெக்கை நோயின் வரலாற்றால் பெறப்படும் உண்மையாகும்.