ஐயாயிரம் விரல்கள்: வெட்டி எறியப்பட்ட ஒரு சிறுவர் திரைப்படம்

பியானோ பழகப் பிடிக்காத ஒரு சிறுவன் தூங்கிப்போகிறான். கனவில் அவனுடைய ஆசிரியர் ஒரு சர்வாதிகாரி. 500 சிறுவர்களைக் கொண்டுவந்து, ஒரே பிரமாண்டமான பியானோவின் முன் இருத்தி, தன் இசையை மட்டும் வாசிக்கவைப்பது அவரது திட்டம். வேறு வாத்தியம் வாசிக்கும் கலைஞர்கள் எல்லோரும் நிலவறையில் கிடக்கிறார்கள். தாயோ ஆசிரியரின் வசியத்தில். சிறுவனுக்குத் துணை வருபவர் குழாய் பொருத்த வந்த ஒரு தொழிலாளி, அவரும் தயங்கித் தயங்கித்தான் வருகிறார்.

1953இல் கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட 'த 5,000 ஃபிங்கர்ஸ் ஒஃப் டொக்டர் ரி' படத்தின் கதை இது. சிறுவர் நூல்களால் உலகப் புகழ்பெற்ற டொக்டர் சூஸ் எழுதிய ஒரே முழுநீளத் திரைப்படம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஹிட்லருக்கு எதிராக அவர் வரைந்த கேலிச்சித்திரங்களை அறிந்தவர்களுக்கு இந்த ஆசிரியர் யாரென்று சொல்லத் தேவையில்லை. இசையமைத்த ஃபிரெட்ரிக் ஹொலண்டரும் நாசிகளிடமிருந்து தப்பி ஜெர்மனியை விட்டு வெளியேறியவர்தான்.

முன்னோட்டக் காட்சியில் பார்வையாளர்கள் முகம் சுழித்தனர். பதறிப்போன நிறுவனம் பல பாடல்களை வெட்டியது. அப்படியும் படம் தோற்றது. இசைக்கு ஒஸ்கார் பரிந்துரை கிடைத்தது மட்டும் ஆறுதல். வெட்டியதுதான் படத்தைக் கொன்றது என்பது என் எண்ணம். கதை சில இடங்களில் திடீரெனத் தாவுவதை இன்று பார்ப்பவரும் உணரலாம்.

சேகரிப்பாளர்கள் இதைத் தேடுவதற்கும் அந்த இடைவெளிகளே முக்கிய காரணம். வெட்டப்பட்ட பாடல்களின் ஒலிப்பதிவுகள் தப்பியிருந்தன. 2010இல் ஃபில்ம் ஸ்கோர் மந்த்லி அவற்றையும் சேர்த்து மூன்று இறுவட்டுகளாக வெளியிட்டது. திரையில் இல்லாத காட்சிகளைக் காதால் கேட்கும் விசித்திர அனுபவம் அது.

சுவரொட்டி வாங்குவோர் கீழ் விளிம்பைப் பார்க்கவேண்டும். அக்கால அமெரிக்கச் சுவரொட்டிகளில் வெளியீட்டு ஆண்டைக் காட்டும் இலக்கம் அங்கே அச்சாகியிருக்கும். 53 என்று தொடங்கினால் முதல் வெளியீடு, முன்னால் ஆங்கில 'ஆர்' எழுத்து இருந்தால் மறுவெளியீடு. இந்தப் படம் பின்னர் 'கிரேஸி மியூசிக்' என்ற பெயரிலும் திரையிடப்பட்டதால், பெயர் மாறிய தாள்களை வேறு படம் என நினைத்துத் தவறவிட்டவர்களும் இருக்கக்கூடும். மடிப்புக் கோடுகளைக் கண்டு தயங்கவேண்டாம். அக்காலத்தில் சுவரொட்டிகளைத் திரையரங்குகளுக்கு மடித்துத்தான் அனுப்பினார்கள்.