யாரு பெத்த புள்ள?

1986இல் கல்லூரியில் முதலாமாண்டு படித்துக்கொண்டிருந்தேன். ஈழப் போராளிகளுக்காக உண்டியல் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் நின்றிருக்கிறேன். எங்க தெருவில் கூலிக்குப் போய் வந்த சனங்கள்கூட நாலணா எட்டணா போட்டார்கள். தட்டியில் ஒட்டியிருந்த படம் ஒன்றில் துப்பாக்கியோடு ஒரு பையன். மீசைகூட முளைக்கலை. "பாருங்கடா, நம்ம தம்பி வயசு" என்று பெருமையாகச் சொன்னவன் நான்தான். அந்த வயசில் அவன் ஏன் அங்கே நிற்கிறான் என்று தோழர்கள் யாரும் கேட்கலை.

1983 ஜூலைப் படுகொலைக்குப் பிறகு இளைஞர்கள் தாங்களாகவே இயக்கங்களில் சேர்ந்தார்கள். அரசின் குண்டுவீச்சையும் கைதுகளையும் மறைத்துவிட்டு இந்தக் கதையைச் சொன்னால் அது அயோக்கியத்தனம். அப்பனைப் பறிகொடுத்த பிள்ளை பழிவாங்கப் போனது நெசம். சோத்துக்காகப் போனதும் நெசம். ஆனால் போர் நீண்டபோது பிள்ளைகளைக் கட்டாயமாகப் பிடிப்பதும் நடந்தது.

1998 மே மாதம் ஐ.நா. பிரதிநிதி ஒலாரா ஒட்டுனுவிடம், 17 வயதுக்குக் கீழே சேர்க்கமாட்டோம், 18க்குக் கீழே சண்டைக்கு அனுப்பமாட்டோம் என்று விடுதலைப்புலிகள் வாக்குக் கொடுத்தார்கள். காப்பாற்றவில்லை. 2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகும் பள்ளிக்கூடம் போகிற வழியிலும் கோயில் திருவிழாவிலும் பிள்ளைகள் பிடிக்கப்பட்டார்கள். 2004இல் கருணா பிரிந்து, ஏப்ரலில் தோற்றபோது, கிழக்கில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் வீடு திரும்பினார்கள். அவர்களையும் மறுபடி தேடி வந்தார்கள். பிறகு கருணா குழுவும் அதே வேலையைச் செய்தது. அரசுப் படையினரில் சிலர் அதற்கு உடந்தை என்று 2006 நவம்பரில் ஐ.நா. சார்பில் போய்வந்த ஆலன் ராக் சொன்னார். அப்படியென்றால் இதில் கை கழுவிக்கொள்ள எந்தத் தரப்புக்கும் யோக்கியதை இல்லை.

இங்கே அகதி முகாமில் ஒரு மட்டக்களப்பு அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தேன். "மகளுக்குப் பதினாலு வயசு தம்பி. தலைமயிரை ஒட்ட வெட்டிப்போட்டாங்கள். தப்பி ஓடினாலும் தலையப் பார்த்தே பிடிச்சிடலாமெல்லே. திரும்பி வந்தவள் தம்பியோட விளையாடவே இல்ல. ராவில கதவடியிலதான் படுப்பாள். நான் சமைக்கக் கூப்பிட்டாலும் எழும்பி விறைச்சு நிப்பாள், ஆரோ கட்டளை போட்ட மாதிரி."

பிள்ளையிடமிருந்து போர் எதைப் பிடுங்குகிறது என்பதற்கு இதைவிட என்ன விளக்கம் வேண்டும்? கழுத்தில் சயனைட் குப்பியைக் கட்டிவிட்டால், சாவது எப்படி என்பதுதான் அது படிக்கிற முதல் பாடம். கொல்லவும் கற்றுக்கொடுத்துவிட்டால் அந்தப் பாரத்தையும் அதுவேதான் சுமக்கவேண்டும்.

காசு இருந்தவர்கள் பிள்ளைகளைக் கொழும்புக்கும் கனடாவுக்கும் அனுப்பினார்கள். அனுப்ப வழியில்லாத வீட்டுப் பிள்ளைதான் பெரும்பாலும் மாட்டியது. 2009இல் போர் முடிந்தபோது 594 சிறார்கள் புனர்வாழ்வுக்கு அனுப்பப்பட்டார்கள். உயிரோடு மிஞ்சியவர்களின் கணக்கு அது. செத்த பிள்ளைகள் அதில் இல்லை.

அன்னிக்கு உண்டியலில் காசு போட்ட எங்க ஆத்தா, படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டது: "இது யாரு பெத்த புள்ளடா? இவங்க ஆத்தா எங்க?"

"உனக்கு அரசியல் தெரியாது, போ ஆத்தா" என்றேன்.

ஆத்தா இப்போது இல்லை. அந்தப் பையன் உயிரோடு இருந்தால் ஐம்பது தாண்டியிருக்கும். அரசியல் தெரியாதவன் நான்தான் என்று ஒத்துக்கொள்ள எனக்கு இத்தனை வருசம் ஆகியிருக்கிறது. விடுதலை பேசுகிற எந்த இயக்கமானாலும், நாட்டைக் காப்பதாகச் சொல்கிற எந்த அரசானாலும், இனி ஆத்தா கேட்ட கேள்வியைத்தான் முதலில் கேட்கவேண்டும்.