‘வாய்ப்புண்டு’ என்னும் சொல்லின் எடை: 2010 மறுஆய்வு

1988இல் தோன்றிய காலநிலை மாற்றத்திற்கான அரசுகளிடைக் குழு (ஐ.பி.சி.சி.), இமயப் பனியாறுகள் 2035க்குள் மறையக்கூடும் எனத் தன் 2007 அறிக்கையில் எழுதியது. அக்கூற்றுக்குப் போதிய சான்றில்லை என்று 2010 சனவரியில் அக்குழுவே ஒப்புக்கொண்டது. ஐ.நா. பொதுச்செயலர் பான் கி மூனும் குழுத் தலைவர் பச்சௌரியும் வேண்டியதன்பேரில், ஹரோல்ட் சபீரோ தலைமையிலான அறிஞர் குழு அதன் செயல்பாட்டை ஆராய்ந்து, அவ்வாண்டு ஆகஸ்டு 30 அன்று அறிக்கை அளித்தது.

தலைவர் பதவி ஒரு மதிப்பீட்டுச் சுற்றுக்கு மட்டுமே என்ற பரிந்துரை பரவலாகப் பேசப்பட்டது. (பச்சௌரி 2015 வரை நீடித்தார் என்பது வேறு கதை.) மொழியியல் மாணவனாக எனக்கு முதன்மையாகப் படுவது மற்றொன்று. அக்குழுவின் வழக்கில் ‘லைக்லி’ என்றால் நிகழ்தகவு 66 விழுக்காட்டுக்கு மேல். ‘வெரி லைக்லி’ என்றால் 90க்கு மேல். சான்று போதாதவிடத்து இவ்வளவுகோலைக் கையாளலாகாது என்றது மறுஆய்வு.

தமிழில் இரண்டையுமே ‘வாய்ப்புண்டு’ என்று பெயர்த்துவிடுகிறோம். மழைமறைவு நிலத்தில், ஆழியாற்று நீரை எதிர்நோக்கிப் பயிரிடும் எருத்தேன்பதித் தமிழ் உழவருக்கு, 66க்கும் 90க்கும் இடையிலுள்ள தொலைவு ஒரு பருவத்தின் விதைநெல். அக்குழுவின் அறிக்கைச் சுருக்கங்கள் ஐ.நா.வின் ஆறு அலுவல் மொழிகளில் வெளியாகின்றன. தமிழும் மலையாளமும் அவற்றுள் இல்லை.